கயிறு திரித்த கதை

குற்றாலம் ஐந்தருவியில் குளித்துவிட்டு வேட்டி பிழிந்துகொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்த விஷயம் விளங்கியது. அதற்குள் இருபத்தொன்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்தி, ஓய்வு பெற்று, வந்த பணத்தில் மொட்டை மாடிக்குத் தட்டோடும் பதித்து முடித்திருந்தேன். விளங்க வேண்டிய காலத்தில் விளங்கியிருந்தால் நாலு பிள்ளைகளாவது பிழைத்திருக்கும்.

ஆடி மாதம், நல்ல சாரல். வேட்டியின் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன், மறுமுனையை என் மைத்துனன். அவன் அவனுடைய வலக்கைப் பக்கமாகத் திருக, நான் என்னுடைய வலக்கைப் பக்கமாகத் திருக, தண்ணீரெல்லாம் சொட்டி முடிந்து வேட்டி தடித்த கயிறாக விறைத்து நின்றது. அந்த நேரம் பார்த்துக் கல்லில் கால் வழுக்கி ஓரடி முன்னால் போய்விட்டேன். அவ்வளவுதான். விறைத்து நின்ற வேட்டி நடுவில் துள்ளியது. தன்னைத் தானே சுற்றிக்கொண்டு சடை மாதிரிப் பின்னிக்கொண்டது. "டி.என்.ஏ!" என்று கத்திவிட்டேன். உடம்பெல்லாம் எண்ணெய் வழிய மசாஜுக்குக் குந்தியிருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "அத்தான், முனைய விட்டுராதீங்க, சகதியில விழுந்துரும்" என்றான் மைத்துனன். விட்டுவிட்டேன். விழுந்துவிட்டது.

டி.என்.ஏ. என்றால் முறுக்கிய ஏணி. இது பன்னிரண்டாம் வகுப்பு தாண்டிய எல்லாருக்கும் தெரியும். அந்த முறுக்கிய ஏணியையே இன்னும் கொஞ்சம் முறுக்கியோ, கொஞ்சம் அவிழ்த்தோ, முனைகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டால் அது சும்மா கிடக்காது. என் வேட்டி மாதிரி தன்மேல் தானே பின்னிக்கொள்ளும். அது முறுக்கின்மேல் முறுக்கு. மேல்முறுக்கு என்று வைத்துக்கொள்ளலாம். பாக்டீரியாக்களின் டி.என்.ஏ. பெரும்பாலும் முனையே இல்லாத வளையம் என்பதால், மேல்முறுக்கு தானாக நழுவிப் போக வழியில்லை.

இதை நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்த அழகைக் கேளுங்கள். "ஈ.கோலைங்கிற பாக்டீரியாவுக்குள்ள இருக்கிற டி.என்.ஏ.வ நீட்டிப் பிடிச்சா ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல வரும். அதோட உடம்பு நீளமோ ரெண்டு மைக்ரோமீட்டர். ஏறக்குறைய எண்ணூறு மடங்கு! எப்படி உள்ள இருக்கு? சுருட்டித் திணிச்சு வச்சிருக்கு. சீசனுக்கு வர்றவங்க பையில ஈரத்துணியத் திணிக்கிற மாதிரி." பிள்ளைகள் சிரிக்கும். நானும் சிரித்துக்கொண்டே பக்கத்தைப் புரட்டிவிடுவேன். முறுக்கு என்றால் மூட்டை கட்டத்தான் என்பது என் சித்தாந்தம்.

ஒரு வருஷம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "சார், ஏணியப் பிரிச்சாத்தான உள்ள எழுதியிருக்கிறதப் படிக்க முடியும்? முறுக்குனத நடுவுல பிரிச்சா ரெண்டு பக்கமும் இன்னும் இறுகிராதா?" நான் சொன்ன பதில் அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. "அதுக்கெல்லாம் என்சைம் இருக்கு. உக்காரு."

பதில் சரிதான். அதைச் சொல்ல எனக்கு ஒரு தகுதியும் இருக்கவில்லை என்பது வேறு. அவள் இப்போது ஹைதராபாத்தில் பாக்டீரியாவோடு மாரடிக்கிறாள். பொங்கலுக்கும் ஆசிரியர் தினத்துக்கும் தவறாமல் போன் வரும். இனி நான் சொல்லப்போகிற தப்புகளில் முக்கால்வாசியைக் கண்டுபிடித்தவள் அவள்தான். மீதியைக் கண்டுபிடித்தவள் என் மனைவி.

அருவியிலிருந்து திரும்பிய வேகத்தில் தென்காசி ரத வீதிப் பக்கம் போய் மூன்று மீட்டர் தேங்காய்நார்க் கயிறு வாங்கினேன். இரண்டு புரிக் கயிறு. டி.என்.ஏ.வும் இரண்டு புரிதானே? ஞாயிற்றுக்கிழமை தெருப்பிள்ளைகள் ஆறு பேரை மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். முதலில் வளையம் வேண்டும் என்று இரண்டு முனைகளையும் சேர்த்து இறுக்கி முடிச்சுப் போட்டேன். பிறகு முறுக்க ஆரம்பித்தேன். கைக்கு இந்தப் பக்கம் இறுகியது. அந்தப் பக்கம் அதே அளவுக்குத் தளர்ந்தது. கையை எடுத்தால் இரண்டும் ஓடிப்போய் ஒன்றோடொன்று சேர்ந்து கணக்கைத் தீர்த்துக்கொண்டு, கயிறு பழையபடி சாதுவாகக் கிடந்தது. அரை மணி நேரம் இதே கதை. இரண்டு பிள்ளைகள் பட்டம் விடப் போய்விட்டார்கள். வடகம் காயப்போட வந்த என் மனைவி கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

"ஏங்க, அவுத்து முறுக்கிட்டு அப்புறம் கட்டுங்களேன். கட்டிப்புட்டு முறுக்குனா அது எங்கன போகும்?"

நியாயமாகப் பார்த்தால் இந்த ஒரு வாக்கியத்துக்கு அவளுக்கு ஒரு டாக்டர் பட்டம் கொடுக்க வேண்டும். மூடிய வளையத்தில் ஒரு புரி மற்றொன்றை எத்தனை தடவை சுற்றியிருக்கிறதோ, அந்த எண்ணிக்கையை ஆட்டியோ அசைத்தோ மாற்ற முடியாது. அறுத்தால்தான் மாறும். வைரஸ் ஒன்றின் வட்ட டி.என்.ஏ. இப்படித் தன்மேல் தானே முறுக்கிக்கொண்டு கிடக்கிறது என்று ஜெரோம் வினோகிராடின் குழு 1965ல் சொன்னது. அறுக்கிறவன் ஒருவன் இருந்தாக வேண்டுமே? 1971ல் ஜேம்ஸ் வாங் ஈ.கோலையிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார். அது ஒரு புரியை மட்டும் அறுத்து, முறுக்கைத் தளரவிட்டு, மறுபடி ஒட்டிவைக்கும். இன்று அதன் பெயர் முதலாம் டோபோஐசோமரேஸ். 1976ல் மார்ட்டின் கெல்லர்ட் குழுவினர் இதற்கு நேர் எதிரான ஆளைப் பிடித்தார்கள். அதுதான் கைரேஸ். இரண்டு புரிகளையும் ஒருசேர அறுத்து, அந்த இடைவெளி வழியாக வளையத்தின் இன்னொரு பகுதியை நுழைத்து, அறுத்ததை ஒட்டிவிடும். தடவைக்கு இரண்டு சுற்று கணக்கில் குறையும். இனாமாகச் செய்யாது, செல்லின் எரிபொருளான ஏ.டி.பி.யைக் கூலியாக வாங்கிக்கொண்டுதான் செய்யும். என் மனைவி கேட்ட கூலி, வடகத்தைக் காக்கா கொத்தாமல் பார்த்துக்கொள்வது. அதிலும் தோற்றேன்.

அவள் சொன்னபடி அவிழ்த்து, முப்பது முறுக்கு ஏற்றி, மறுபடி கட்டினேன். கையை எடுத்ததும் கயிறு உயிர் வந்ததுபோலச் சுருண்டு, எங்கள் ஆச்சி சுற்றும் கைமுறுக்கு மாதிரி உட்கார்ந்துகொண்டது. பிள்ளைகள் கைதட்டினார்கள். போட்டோ எடுத்து, 'பாக்டீரியா குரோமோசோம், தென்காசித் தயாரிப்பு' என்று எழுதி ஹைதராபாத்துக்கு அனுப்பினேன். பதில் உடனே வந்தது. "சூப்பர் சார். ஆனா திசை தப்பு. நீங்க ஏத்தியிருக்கீங்க. அது இறக்கி வச்சிருக்கும்."

டி.என்.ஏ. தன் இயல்பில் பத்தரைப் படிக்கு ஒரு சுற்று சுற்றும். ஈ.கோலைக்கு 46 லட்சம் படிகள். ஆக நாலே முக்கால் லட்சம் சுற்று என்று நான் கணக்குப் போட்டேன். அதையும் அவள் திருத்தினாள்: நாலு லட்சத்து நாற்பதாயிரம். வகுத்தல் எனக்கு எப்போதுமே ஆகாது. இயல்பாக நூறு சுற்று இருக்க வேண்டிய இடத்தில் பாக்டீரியா ஏறத்தாழ ஆறைக் குறைத்து வைத்திருக்கும். குறைமுறுக்கு. என் கயிற்றிலும் எண்ணிப் பார்த்தால் நூறு சுற்றுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஆறு இறக்கியிருந்தால் போதும். நான் முப்பது ஏற்றியிருந்தேன். கொதிக்கும் ஊற்றுகளில் வாழும் நுண்ணுயிர்களிடம் முறுக்கை ஏற்றுகிற என்சைம் ஒன்று உண்டாம். ஆனால் என் கயிற்றின் கதிக்கு எந்த ஜந்துவும் பிழைத்திருக்காது. இந்தக் கடைசி வாக்கியத்தை அவள் சொல்லவில்லை. வாத்தியார் என்கிற மரியாதை.

திசை விஷயத்தில் எனக்கு ஏற்கெனவே ஒரு கறை உண்டு. குற்றாலநாதர் கோயில் சங்கு வடிவத்தில் அமைந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வருஷா வருஷம் பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போய், பிராகாரத்தில் நிறுத்தி வைத்து, "டி.என்.ஏ. வலப்பக்கம் சுத்துறது. எது மாதிரி? வலம்புரிச் சங்கு மாதிரி!" என்று முழங்குவேன். பக்தியும் அறிவியலும் கைகோத்துப் போகிற இடம் என்று எனக்கு நானே பூரித்துக்கொள்வேன். உண்மை என்னவென்றால், நாம் வலம்புரி என்று பூஜையில் வைக்கிற அபூர்வச் சங்கைத்தான் சங்கு ஆராய்ச்சிக்காரர்கள் இடப்பக்கம் சுழல்வது என்கிறார்கள். டி.என்.ஏ.வுக்கு ஜோடி, கடைத்தெருவில் குவித்து விற்கிற சாதாரணச் சங்குதான். இதை ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் தெரிந்துகொண்டேன். தெரிந்த பிறகும் ஒரு வருஷம் பழைய வசனத்தையே சொன்னேன். மாற்றினால் ஹெட்மாஸ்டருக்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

டீக்கடையில் விட்ட கயிறு இதைவிடப் பெரியது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரன், சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் மூவரும் 1963ல் புரதங்களின் வடிவத்துக்கு ஒரு வரைபடம் போட்டார்கள். ராமச்சந்திரன் வரைபடம் என்று உலகம் முழுக்க இன்றும் அது புழக்கத்தில் இருக்கிறது. அதே சசிசேகரன் 1976ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலிருந்து, டி.என்.ஏ.யின் இரண்டு புரிகளும் ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டே போக வேண்டியதில்லை என்று ஒரு மாதிரியை முன்வைத்தார். கொஞ்ச தூரம் வலப்பக்கம், கொஞ்ச தூரம் இடப்பக்கம் என்று மாறி மாறி வளைந்து, புரிகள் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கும். பிரிப்பது சுலபம். அதே வருஷம் நியூசிலாந்தில் ராட்லி என்பவரின் குழுவும் ஏறக்குறைய இதையே சொன்னது. இதை ஒரு பழைய கட்டுரையில் படித்துவிட்டு டீக்கடைக்குப் போனேன். "வாட்சன், கிரிக் சொன்ன இரட்டைச் சுருளெல்லாம் போச்சு அண்ணாச்சி. நம்ம மெட்ராஸ்ல வேலை பார்த்தவர் கவுத்துப்புட்டார்."

கடைக்கார அண்ணாச்சி டீயை ஆற்றிக்கொண்டே, "எப்ப சார்?" என்றார். "எழுபத்தாறுல" என்றேன். "அப்ப இன்னும் ஏன் சார் பொஸ்தகத்துல மாத்தலை?" அதற்கு நான் வெள்ளைக்காரன் சதி என்று ஒரு பதில் சொன்னேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஐந்து பேரும் ஒத்துக்கொண்டார்கள். நான் அசடு என்பதற்கு அதுவே அத்தாட்சியாக இருந்திருக்க வேண்டும்.

சங்கதி 1979லேயே முடிந்துபோயிருந்தது. கிரிக், வாங், வில்லியம் பாயர் மூவரும் சேர்ந்து, டி.என்.ஏ. உண்மையிலேயே இரட்டைச் சுருள்தானா என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார்கள். தீர்ப்பு சொன்ன சாட்சி, என் மனைவியின் மூடிய வளையம். புரிகள் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தால், வளையத்தில் ஒன்றை ஒன்று சுற்றிய எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு சுற்று கூடினாலும் குறைந்தாலும் ஜெல்லில் ஓடவிட்டால் தனித்தனிக் கோடாக நிற்கும். வாங் அப்படிக் கோடுகளை வைத்துக் கணக்குப் பார்த்ததில் ஏறத்தாழப் பத்தரைப் படிக்கு ஒரு சுற்று என்று வந்தது. மாதிரி விழுந்தது. ஆனால் சசிசேகரனை உறுத்திய கேள்வியைக் கவனியுங்கள்: சுற்றிக்கொண்ட இரண்டு புரிகளை எப்படிப் பிரிப்பது? கடைசி பெஞ்சுப் பெண் கேட்டதும் அதைத்தான். அவர் தவறிய இடத்தில் ஒரு நல்ல கேள்வி மிச்சமிருந்தது. நான் தவறிய இடத்தில் பெஞ்சும் ஆறிப்போன டீயும் மிச்சம்.

ஆவணியில் அவள் போன் பண்ணியபோது அடுத்த கேள்வியைப் போட்டாள். "மூட்டை கட்டத்தான் முறுக்குன்னு சொல்லிக் கொடுத்தீங்கல்ல சார்? மூட்டைக்கு எந்தப் பக்கம் முறுக்குனா என்ன? ஏன் எப்பவும் இறக்கியே வச்சிருக்கு?" போனில் 'உக்காரு' என்று சொல்ல முடியாது. தொண்டையைச் செருமினேன். அவளே சொன்னாள்.

மரபணுவைப் படிக்கிற ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் முதலில் ஒரு பத்துப் பன்னிரண்டு படிகளைப் பிரித்தாக வேண்டும். இயல்பாக இறுகிய கயிற்றில் அதற்குத் தெம்பு வேண்டும். குறைமுறுக்கில் கிடக்கும் கயிறோ பிரிவதற்கென்றே காத்திருக்கிறது. கைரேஸ் கூலி வாங்கிக்கொண்டு செய்த வேலை, கயிற்றிலேயே சேமிப்பாகக் கிடக்கிறது. ஆனால் எல்லா மரபணுவுக்கும் இது ஒரே மாதிரி வேலை செய்வதில்லை, இங்கேதான் ரசம். மரபணு தொடங்கும் இடத்துக்கு ஏறத்தாழப் பத்துப் படி முன்னால் ஓர் அடையாளம், முப்பத்தைந்து படி முன்னால் இன்னோர் அடையாளம். பாலிமரேஸ் இரண்டையும் ஒரே சமயத்தில் பிடிக்க வேண்டும். நடுவில் பதினேழு படி இருந்தால் பிடி வாகாக விழும். சில மரபணுக்களில் அது பதினாறு, சிலவற்றில் பத்தொன்பது. கயிற்றை முறுக்கினால் இரண்டு அடையாளங்களும் ஒன்றுக்கொன்று முகம் திருப்பிக்கொள்ளும், கொஞ்சம் அவிழ்த்தால் முகம் பார்த்துக்கொள்ளும், அல்லது நேர்மாறாக. முறுக்கு ஒன்றுதான். ஒரு மரபணுவுக்கு அது வாசல் திறப்பு, பக்கத்து மரபணுவுக்கு வாசல் அடைப்பு.

நான் உடனே வேறொரு கயிற்றை எடுத்துக்கொண்டேன். இந்த முறை தனியாக, பிள்ளைகள் இல்லாமல். இரண்டு புரிகளுக்கு நடுவே ஒரு பென்சிலைச் செருகி, அது சுழலாமல் பிடித்து, மெல்ல முன்னால் தள்ளினேன். பென்சிலுக்கு முன்னால் கயிறு இறுகி இறுகிக் கல்லாகியது. பின்னால் தொளதொளவென்று ஆனது. பாலிமரேஸும் இப்படித்தான். வால் மாதிரி ஆர்.என்.ஏ.யையும், அதன்மேல் ஏறி உட்கார்ந்த ரைபோசோம்களையும் இழுத்துக்கொண்டு போவதால் கயிற்றைச் சுற்றிச் சுற்றி ஓட முடியாது; ஆகவே முன்னால் மிகைமுறுக்கு, பின்னால் குறைமுறுக்கு. இதை 1987ல் லியூவும் வாங்கும் எழுதினார்கள். முன்னால் இறுகுவதைக் கைரேஸ் தீர்க்க, பின்னால் தளர்வதை முதலாம் டோபோஐசோமரேஸ் தீர்க்க, நடுவில் படிப்பு நடக்கிறது. ஒரு மரபணுவைப் படிப்பதே பக்கத்து மரபணுவுக்குச் சேதி சொல்வதாகிவிடுகிறது. முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு மரபணுக்கள் ஒன்றுக்கொன்று ஒத்தாசை. எதிரெதிரே ஓடிவருகிற இரண்டும் முட்டிக்கொள்ளும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் மிக்சி போட்டால் மூன்று வீட்டில் லைட் மங்கும், அது மாதிரி. என் பென்சில் இந்தக் கட்டத்தில் முறிந்துவிட்டது.

இவ்வளவும் தெரிந்த தைரியத்தில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசப் போனேன். முப்பது நாற்காலி, பதினோரு பேர், அதில் இருவர் மழைக்கு ஒதுங்கியவர்கள். "மேல்முறுக்கு என்பது பாக்டீரியாவின் மெயின் சுவிட்ச். தளர்ந்ததா, எல்லா மரபணுவும் அணைந்துவிடும்!" என்று மேஜையைத் தட்டினேன். கைதட்டல். ரெக்கார்டிங்கை ஹைதராபாத்துக்கும் அனுப்பிவைத்தேன். புத்தி எங்கே போகும்?

"சார், மெயின் சுவிட்ச் இல்லை சார்." 2004ல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஈ.கோலையின் முறுக்கைத் திடீரென்று தளர்த்திவிட்டு எல்லா மரபணுக்களையும் ஒரே நேரத்தில் கவனித்திருக்கிறார்கள். 306 மரபணுக்கள் சட்டென்று மாறின. மொத்தத்தில் ஏழு சதவீதம். இருநூறு இறங்கின, நூற்று ஆறு ஏறின. ஏறியவற்றில் யார் இருந்தார்கள் தெரியுமா? கைரேஸைத் தயாரிக்கும் மரபணுக்கள். இதை 1983லேயே மென்செலும் கெல்லர்ட்டும் காட்டியிருந்தார்கள்: முறுக்கு தளர்ந்தால் கைரேஸ் உற்பத்தி கூடும். முறுக்கு மிஞ்சினால் தளர்த்துகிறவனின் உற்பத்தி கூடும். கயிறு தன்னைத் தானே பார்த்துச் சரிசெய்துகொள்கிறது. மேலதிகாரி யாரும் கிடையாது. முப்பது வருஷத்துக்குப் பக்கமாக மேலதிகாரிகளுக்குக் கீழே வேலை பார்த்த எனக்கு அது தோன்றவே தோன்றாது.

கடைசித் தப்பு கொஞ்சம் பெரியது. சிரித்துவிட்டுப் போக முடியாது. சீசன் முடிகிற வாரம் ஒரு கடையில் பரோட்டா தின்றேன். கடைமேல் பழி இல்லை. ஏழு தின்றவன்மேல்தான் பழி. நடுவே அருவிக்கரையில் யாரோ நீட்டிய பாட்டில் தண்ணீரையும் குடித்திருந்தேன். ராத்திரி வயிறு தன் வேலையைக் காட்டிவிட்டது. டாக்டரிடம் போகச் சொன்னாள் மனைவி. "எனக்குத் தெரியாததா?" என்று அலமாரியிலிருந்து பழைய சிப்ரோஃப்ளாக்சசின் அட்டையை எடுத்தேன். பத்து மாத்திரை.

வயிற்றைப் பிடித்துக்கொண்டே அவளுக்குப் பாடம் நடத்தினேன். மலேரியா மருந்தான குளோரோகுயின் தயாரிப்பின் பக்கவிளைபொருளிலிருந்து 1962ல் நாலிடிக்சிக் அமிலம் வந்தது. அந்த வம்சத்தின் பேரப்பிள்ளைதான் இந்த மாத்திரை. இது போய்ப் பிடிப்பது கைரேஸைத்தான். கைரேஸ் இரண்டு புரிகளையும் அறுத்திருக்கும் அந்தச் சமயம் பார்த்து மாத்திரை வெட்டுவாயில் போய் உட்கார்ந்துகொள்ளும்; ஒட்ட முடியாது; வெட்டு வெட்டாகவே நிற்கும். மேல்முறுக்கு கெடுவதைவிட இந்த வெட்டுதான் பாக்டீரியாவைக் கொல்கிறது. இன்னொன்றும் சொன்னேன்: அருவித் தண்ணீரின் குளிரில் கிடந்த கிருமி என் வயிற்றுக்குள் வந்ததும் சூடு, உப்பு, ஆக்சிஜன் இல்லாமை எல்லாம் சேர்ந்து அதன் முறுக்கை மாற்றும், இடம் மாறிவிட்டது என்று அதற்கு அறிவிப்பதில் கயிற்றுக்கும் பங்கு உண்டு. உப்பு கூடினால் ஈ.கோலை, சால்மொனெல்லா இரண்டிலும் குறைமுறுக்கு அதிகமாகிறது என்று ஹிக்கின்ஸ் குழு 1988ல் காட்டியது. இவ்வளவும் சரி. முழுப் பாடத்தில் ஒரு பிழை கிடையாது. மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உப்புக் கரைசல் குடிச்சீங்களா?" என்றாள். இல்லை.

இரண்டு நாளில் நாலு மாத்திரை. வயிறு சரியானதும் நிறுத்திவிட்டேன். இதைப் பெருமையாகப் போனில் சொன்னபோது முதல்தடவையாக அந்தப் பெண் என்னிடம் குரலை உயர்த்தினாள். "யாரக் கேட்டு சார் போட்டீங்க? அது ஆண்டிபயாடிக்கே தேவைப்படாத வயித்துப்போக்கா இருந்திருக்கலாம்ல?" காசநோய்க் கிருமியிடம் ஈ.கோலையைப் போல நாலுவிதமான முறுக்கு என்சைம்கள் இல்லை. முதலாம் டோபோஐசோமரேஸ் ஒன்று, கைரேஸ் ஒன்று, அவ்வளவுதான். அந்த ஒரே கைரேஸைக் குறிவைக்கும் லீவோஃப்ளாக்சசின், மாக்சிஃப்ளாக்சசின் இரண்டும் என் அலமாரி மாத்திரையின் பங்காளிகள். மற்ற மருந்துக்கு மசியாத காசநோய்க்கு அவை கைகொடுக்கின்றன. கைரேஸ் மரபணுவில் ஓர் எழுத்து மாறினாலே அந்த மருந்து பிடிக்காமல் போகலாம். எல்லாரும் வயிற்றுப் பொருமலுக்கு இதை விழுங்கினால் என்ன ஆகும் என்று கேட்டாள். நான் உட்கார்ந்திருந்தேன். யாரும் சொல்லாமலே.

மீதி ஆறு மாத்திரைகளை அலமாரியிலிருந்து எடுத்தாகிவிட்டது. முப்பது முறுக்கு ஏற்றிய கயிறு மொட்டை மாடியில் துணிக்கொடியாக இருக்கிறது. காற்று பலமாக அடிக்கிற நாளில் கிளிப்புகளை உதறிவிட்டுத் தானாகச் சுருள்கிறது. மனைவி இன்னொரு கொடி வாங்கச் சொல்கிறாள்.

அடுத்த சாரலுக்குக் குற்றாலம் வருகிறவர்கள் குளித்து முடித்ததும் ஈர வேட்டியின் இரண்டு முனைகளையும் ஆளுக்கொன்றாகப் பிடித்து, விறைக்கிற வரைக்கும் பிழிந்து, கடைசியில் ஓரடி முன்னால் வந்து பாருங்கள். முனையை விட்டுவிடாதீர்கள். கல் வழுக்கும்.